சிவப்பு இல்லத்துக் கொடி

எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கு மூன்று இல்லங்கள். சிவப்பு, பச்சை, நீலம். ஐந்தாம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று இல்லமே கூடுதல் என்று முந்தி இருந்த அதிபர் சொல்லுவார். "ஒரு இல்லம் வைச்சால் எல்லாரும் வெல்லுவினம், எனக்கும் நித்திரை வரும்" என்பார். பகிடியாகத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எத்தனை வருசம் என்று கேளாதையுங்கோ. ஒவ்வொரு வருசமும் கூட்டத்தில் "புதுச் செயலாளர் ஆர்?" என்று கேட்டவுடன் எல்லாரும் தங்கள் கால் விரலைப் பார்ப்பார்கள். பிறகு ஆரோ ஒருவர், "அவாவே இருக்கட்டும், அவாக்கு எழுத்து வடிவு" என்பார். அதோடு முடிந்தது. எட்டாம் வகுப்பில் சண்டையால் இடம்பெயர்ந்து, அந்த வகுப்போடேயே படிப்பை விட்டவள் நான். மிச்சத்தைச் சனத்தின் வாயிலிருந்துதான் படித்தேன். ஆரும் ஒரு நல்ல கதை சொல்லிவிட்டால், கூட்ட அறிக்கைக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். முன்பக்கமிருந்து தீர்மானங்கள், பின்பக்கமிருந்து சனத்தின் கதை. இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டும்போது புதுக் கொப்பி. பின்பக்கம்தான் எப்போதும் கெதியாய் நிரம்பும்.

ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. குளத்துத் தண்ணி இங்காலைப் பக்க வயல்களுக்குப் பாயும். இங்காலை இருக்கிற நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்த சனத்தின் பிள்ளைகள். அங்காலை மேட்டுக் காணி, தண்ணி ஏறாது. அங்கே இருப்பவர்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வந்து என் வயசுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அவர்களை "வந்த சனம்" என்போம். நாங்களும் வந்த சனம்தான் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வராது. அவர்களைச் சொல்ல ஒரு கெட்ட சொல்லும் உண்டு. நாங்கள் மரியாதையான ஆட்கள், அதைச் சொல்லமாட்டோம். "அங்காலை" என்று மட்டும் சொல்லுவோம். எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இல்லங்களைக் கெடுத்தது நான்தான்.

முந்தியெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேரும் ஒழுங்குப்படி பிள்ளைகளை இல்லங்களுக்குப் பிரிப்பார்கள். முதலாவது பிள்ளை சிவப்பு, அடுத்தது பச்சை, அடுத்தது நீலம். நல்ல முறை. ஆனால் விளையாட்டுப் போட்டி வந்தால் ஒவ்வொரு இல்லத்துக்கும் மைதானத்தில் ஒரு கொட்டில் போட்டுத் தாய்மார் சோடிக்க வேண்டும். ஒரு இல்லத்துத் தாய்மார் நாலு ரோட்டில் சிதறி இருந்தால் பின்னேரத்தில் எப்படிக் கூடுவது? ஒரு வருசம் இரண்டு கொட்டில்கள் ஆட்டுக் கொட்டில் மாதிரி வெறுமையாய் நின்றன. அடுத்த கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன்: "ரோட்டு ரோட்டாப் பிரிச்சால் சுகம். ஒரு ரோட்டு ஆக்கள் ஒரு இல்லம். தாய்மார் ஒரு வீட்டு முற்றத்தில கூடிச் செய்யலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், "இவ்வளவு நாளும் இது ஏன் ஒருத்தருக்கும் தோன்றேல்லை?" என்றார். முதலாம் ரோட்டும் இரண்டாம் ரோட்டும் நீலம். கோயிலடி பச்சை. வாய்க்காலுக்கு அங்காலை சிவப்பு. நானே என் வடிவான எழுத்தில் எழுதினேன். எழுதும்போது கண்டேனா, காணவில்லையா என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். கண்டிருப்பேன். கை தட்டுகிற சத்தத்தில் கண்டது மறந்திருக்கும்.

அந்த வருசம் சிவப்பு கடைசி. அடுத்த வருசமும் கடைசி. அங்காலைத் தாய்மார் கொட்டிலுக்குள் வருவதில்லை. பள்ளிக்கூடக் கேற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று பிள்ளை ஓடுவதைப் பார்ப்பார்கள், பிறகு வேலைக்குப் போவார்கள். பிள்ளைகள் சிவப்பு இல்லம் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். "அங்காலை இல்லம்" என்றார்கள். ஒரு நாள் என் மகளே வீட்டில் அப்படிச் சொன்னாள். சோறு போட்டுக்கொண்டிருந்த அகப்பை கையில் நின்றுவிட்டது. ஏசினேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே அம்மா பிரிச்சனீங்கள்?" என்றாள்.

மாற்ற வேண்டும் என்று ஒரு கடுதாசி எழுதி, மடித்துக் கொப்பிக்குள் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் சொல்ல. அந்தக் கூட்டத்தில் தண்ணித் தாங்கி வெடித்த கதை வந்தது. அதற்கடுத்ததில் மதில் கதை. கடுதாசி மடிப்பில் கிழியத் தொடங்கியது.

அங்காலைப் பக்கத்தில் ஒரு தாய். எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வருகிறவா. என்னை விட ஆறேழு வயசு குறைவு. வரம்பில் தேத்தண்ணி குடிக்கும்போது அவா சொல்லுகிற கதைகள் என் கொப்பியில் இரண்டு பக்கம் இருக்கும். "வெயிலு நம்மள மட்டும் தெரிஞ்சு வச்சிருக்குக்கா" என்பா. அவாவின் மூத்தவள் என் மகளின் வகுப்பு. ஓடினால் கால் நிலத்தில் படாத பிள்ளை.

மூன்றாவது வருசம் அந்தத் தாய் என்ன நினைத்தாவோ, ஐந்தாறு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு கேற்றுக்குள் வந்தா. பச்சை இல்லத்துக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பளையிலிருந்து தென்னோலை வந்து இறங்கியது. நீலத்துக்கு நாங்கள் கிளிநொச்சியில் கலர்த் தாள் வாங்கினோம். சிவப்புக் கொட்டிலுக்கு வந்தது களிமண், நாலு கடகம். குந்தியிருந்து ஒரு குளம் கட்டினார்கள். அணைக்கட்டு, தண்ணி திறக்கிற துருசு, வயல், வரம்பு, எல்லாம் முழங்கால் உயரத்தில். துருசுக் கதவு சோடாப் போத்தல் மூடி. மேலே ஒரு வாளியைக் கட்டித் தூக்கி, சேலைன் குழாயால் தண்ணி விட்டார்கள். தண்ணி துருசால் இறங்கி, வாய்க்காலால் ஓடி, இரண்டு பக்கத்து வயலுக்கும் பாய்ந்தது.

சனம் சுற்றி நின்று பார்த்தது. "நல்ல வடிவு" என்றார்கள். இரண்டு பக்கமும் பாய்வதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நடுவராக வெளியிலிருந்து வந்தவர்கள் கொட்டில் சோடனையில் சிவப்புக்கு முதலிடம் கொடுத்தார்கள். அஞ்சல் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை அந்தத் தாயின் மூத்தவள் ஓடினாள். நாலாம் வகுப்புப் பிள்ளை, ஐந்தாம் வகுப்புப் பெடியனைப் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். கேடயம் சிவப்புக்கு. அங்காலைத் தாய்மார் போட்ட சத்தத்தில் கோயிலடிக் காகமெல்லாம் எழும்பிவிட்டது. சிவப்பு இல்லத்துக்குப் பொறுப்பான ரீச்சர் அந்த இடத்திலேயே சொன்னா: "அடுத்த வருசம் சிவப்புக்குத் தலைவி இவதான். கொடி இவவின்ர கையிலதான்." பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. வெயில்தான் என்றா, நான் கேட்காமலே.

அடுத்த மாதம் கூட்டம்.

நான் கடுதாசியைக் கொண்டுதான் போனேன். ஆனால் எனக்கு முதல் கடைக்காரர் எழும்பிவிட்டார். "எனக்கு மனசு கேக்கேல்லை சேர். பிள்ளையளை ரோட்டு ரோட்டாப் பிரிச்சு வைச்சிருக்கிறம். இது என்ன கதை? எல்லாரும் எங்கட பிள்ளையள்தானே. கலக்க வேணும்."

என் கடுதாசியில் இருந்த வசனமும் கிட்டத்தட்ட அதேதான். நான் அதை மெல்ல இன்னொரு தரம் மடித்தேன்.

தலைகள் ஆடின. "ஓம், ஓம், கலக்க வேணும்." எல்லாருக்கும் ஒரே நாளில் ஞானம் வந்திருந்தது. அந்த மனிசன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுக்கிறவர். சொன்னதை உண்மையாக நம்பித்தான் சொன்னார்.

அப்போது பின்வாங்கில் இருந்து அந்தத் தாய் எழும்பினா. "நான் ஒன்னு கேக்கலாங்களா சேர்?"

"கேளுங்கோ, கேளுங்கோ" என்றார் இப்போதைய அதிபர்.

"ரெண்டு வருசமா நாங்க கடைசில வந்தோம். அப்ப இந்தப் பிள்ளைக எல்லாம் யாரு பிள்ளைகளா இருந்துச்சு?"

கடைக்காரர் முகம் கறுத்துப்போனது. "பிள்ளை, நான் உங்களுக்காகத்தானே கதைக்கிறன்."

"தெரியுதுங்கண்ணே. ஒரு வருசம் பொறுத்துக் கதைங்க. எம்மக அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்பு. கொடி அவ கையிலன்னு ரீச்சரே சொல்லிட்டாங்க. ஒரு தடவ அதத் தூக்கிட்டு முன்னால நடந்துரட்டும். பொறகு கலக்குங்க, கரைங்க, என்னமும் செய்ங்க."

அதிபர் என் பக்கம் திரும்பினார். அவர் தினமும் கிளிநொச்சி ரவுணிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருகிற நல்ல மனிசன், அவருக்கும் களைப்பு. "செயலாளர் என்ன சொல்லுறியள்?"

எழும்பினேன். "கலக்கிறது சரி" என்றேன். கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். "ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தாச்சு, ஒரு வருசம் விட்டுச் செய்வம்" என்று நான் சொன்னது முன்வரிசைக்கும் கேட்டிருக்காது. திரும்பவும், உரத்துச் சொல்லியிருக்கலாம். மத்தியானம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் பசி, எனக்கும்தான். கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்ந்த கைகளை எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. "இல்லங்கள் அடுத்த வருடம் சீட்டிழுப்பு மூலம் கலக்கப்படும்" என்று எழுதினேன். பின்பக்கத்தைத் திருப்பி, "அப்ப யாரு பிள்ளைகளா இருந்துச்சு" என்பதையும் எழுதினேன். எழுதுவது மட்டும் எனக்கு லேசு.

வருசம் பிறந்தது. சீட்டிழுப்புக்கு வியாழக்கிழமை விடிய என்று அதிபர் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் ஒரு பெருவிரலைப் போட்டேன். அங்காலைத் தாய்மாரில் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. அதை விடுங்கோ, இன்னொன்றையும் யோசிக்கவில்லை. எங்கள் வயலில் களை முட்டிப்போய் இருந்தது, அவாவிடம் நானே சொல்லியிருந்தேன், வியாழக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று.

அன்று விடிய கேத்திலில் தேத்தண்ணி கொண்டுபோய் வரம்பில் வைத்தேன். ஆறு பேர் குனிந்து நின்றார்கள். ஆறு பேரும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை உள்ளவர்கள். நான் நல்ல சீலை உடுத்திருந்ததைக் கண்டு அவா நிமிர்ந்தா.

"எங்கக்கா வெள்ளனவே?"

"பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். போய்விட்டேன். அவ்வளவுதான்.

பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் மூன்று கலரில் ரிபன் துண்டுகள். கடைக்காரர் குலுக்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கையை விட்டு எடுத்தார்கள். அந்தப் பிள்ளை எடுத்தது நீலம். எடுத்த கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு கேற்றைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கேற்றில் ஒருவரும் இல்லை. அப்போதுதான் எனக்கு வயல் நினைவு வந்தது. ரின்னை நிற்பாட்டச் சொல்லியிருக்கலாம். ஐம்பது பிள்ளைகள் எடுத்து முடிந்துவிட்டது, இனி எப்படி என்று இருந்துவிட்டேன்.

அதே மூச்சில் இல்லத் தலைவர்களையும் பிள்ளைகளே கை உயர்த்தித் தெரிவு செய்யட்டும் என்றார்கள். நீலத்தில் இங்காலைப் பிள்ளைகள்தான் கூடுதல். அவர்கள் தங்களோடு விளையாடுகிற பிள்ளையைத் தெரிவு செய்தார்கள். நீலம் எடுத்திருந்த என்னுடைய மகளை.

சிவப்புக்குக் கோயிலடிப் பெடியன் ஒருவன் தலைவன். கொடியை அவனிடம் கொடுத்தார்கள்.

பின்னேரம் வயலுக்குப் போனேன். ஆரும் சொல்லிக் கேட்பதை விட நான் சொல்லிக் கேட்கட்டும் என்று. அவா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தா.

"சீட்டு எடுத்தாச்சு" என்றேன்.

"எப்ப?"

"இண்டைக்கு."

"இன்னைக்கா?" காலைக் கழுவுவதை நிற்பாட்டினா. "நாங்க இங்கதானக்கா நின்னோம்."

"எனக்கு நினைவு வரேல்லை. உண்மையா நினைவு வரேல்லை."

அவா மற்றக் காலையும் கழுவினா. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "எம்மக என்ன கலரு?" என்றா.

"நீலம்."

"நீலத்துக்கு யாரு தலைவி?"

"என்ர மகள்."

அவா சிரித்தா. உண்மையாகவே சிரித்தா. "நல்லதுக்கா. உங்க வயலு, உங்க புல்லு, உங்க கொடி."

அதை நான் கொப்பியில் எழுதவில்லை. எழுதாமலே இருக்கிறது.

வீட்டில் மகளோடு கதைத்துப் பார்த்தேன். கொடியை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் என்ன என்று. "நான் ஏன் குடுக்கோணும்? என்னைப் பிள்ளையள்தானே தெரிஞ்செடுத்தவை? நான் கள்ளமாச் செய்தனானே?" என்று அழத் தொடங்கினாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. பத்து வயசுப் பிள்ளையைக் கொண்டு என் பிழையைத் திருத்தப் பார்க்கிறேனே என்று எனக்கே வெட்கமாய்ப் போனது. அதிபரிடம், இல்லத்துக்கு இரண்டு தலைவர் வைக்கலாமோ என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இனி அதுக்கும் ஒரு கூட்டம் வைப்பமோ?" என்றார்.

நீல இல்லத்தைச் சோடிக்க என் வீட்டு முற்றத்தில்தான் கூடினோம். அவாவுக்கு மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. ஒரு நாள் பிள்ளையின் கையில் ஒரு பை வந்தது. உள்ளே பனையோலையில் கட்டின பூக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இங்காலைத் தாய்மார் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். "கைவேலையெண்டால் இதுதான்" என்றார்கள். கொட்டில் வாசலில் தொங்கவிட்டோம்.

விளையாட்டுப் போட்டி அன்று என் மகள் கொடி பிடித்து முன்னால் நடந்தாள். கொடி பிடிக்கிற பிள்ளையின் தாய்க்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் கையை நேரே வீசி நடந்தாள். அஞ்சல் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை அவள் ஓடினாள். நீலம் வென்றது. கேடயத்தை வாங்கத் தலைவியைக் கூப்பிட்டார்கள், என் மகள் போனாள். ஓடின பிள்ளை புல்லில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளே," என்றார் கடைக்காரர், தேசிக்காய்த் தண்ணி வாளியோடு வந்து. "கலந்தது எவ்வளவு நல்லாப் போச்சு!"

நான் தலையாட்டினேன். பிறகு கேற்றைப் பார்த்தேன்.

அங்கே அவா நின்றா. வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி. முந்தி நின்ற அதே இடம். மற்றத் தாய்மாரும் அங்கங்கே.

இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, கொப்பியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஒன்றை நீட்டினேன். வாங்கினா. இரண்டு பேரும் கேற்றுக்கு வெளியே நின்று குடித்தோம். உள்ளே ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, நன்றியுரைக்கு.

"கூப்பிடுறாங்கக்கா."

"கூப்பிடட்டும்."

அவா கோப்பைக்கு மேலால் உள்ளே பார்த்தா. "எங்க சின்னவ அடுத்த வருசம் முதலாம் வகுப்பு. அவ எந்த இல்லம்?"

"தெரியாது. சீட்டுத்தான்."

"என்னைக்கி?"

"நாள் இன்னும் வைக்கேல்லை."

"களை புடுங்குற நாளாப் பாத்து வைங்க" என்றா. நான் நிலத்தைப் பார்த்தேன். அவா விடவில்லை. "ரின்ன யாரு குலுக்குறது?"

"கடைக்காரர்தான் குலுக்கிறவர்."

"அடுத்த வருசம் நான் குலுக்குறேன். என்னையக் கேட்டு நாள் வைங்க."

நான் கோப்பையைக் கேற்றுத் தூணில் வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். அவாவுக்கு என் கொப்பியைத் தெரியும். வரம்பில் குந்தியிருந்து எத்தனையோ நாள் பின்பக்கத்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன், சிரித்திருக்கிறா.

"எந்தப் பக்கம் எழுதப் போறீங்க?" என்றா.

"முன்பக்கம்."

"கூட்டம் இல்லாம எழுதலாங்களா?"

"முன்மொழிய ஒராள் வேணும், வழிமொழிய ஒராள் வேணும்."

"நான் மொழிஞ்சிட்டேன்" என்றா. "நீங்க மொழியிங்க."

ஒலிபெருக்கி திரும்பவும் கூப்பிட்டது. பேனை எழுத மறுத்தது. அவாவின் சைக்கிள் சீற்றில் கொப்பியை விரித்து, பேனையை உதறி உதறி, தீர்மானத்தை எழுதி, முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அவாவின் முழுப் பெயரையும் கேட்டு எழுதினேன். இத்தனை வருசம் என் வயலில் வேலை செய்தவா. முழுப் பெயர் எனக்கு அன்றுதான் தெரியும்.